இரண்டாம் ஆண்டிற் பூக்கும் ஹொலிஹொக், திருகோணமலையில் பூக்குமா?

கேள்வி: உப்புவெளி வளவு

அனைவருக்கும் வணக்கம். உப்புவெளியில், கடற்கரைக்கு நடந்துபோகக்கூடிய தூரத்தில் உள்ள எங்கள் வளவில் பூங்கன்றுகள் வளர்த்து வருகிறேன். கனடாவில் வாழும் என் தங்கை மார்கழி விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது ஹொலிஹொக் விதைப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள். அவளுடைய வீட்டு வேலியோரத்தில் ஓராள் உயரத்துக்கும் மேலாக எழுந்து, தண்டின் நடுவிலிருந்து நுனிவரை அடுக்கடுக்காகப் பூத்து நிற்கும் அந்தச் செடியைப் படத்தில் பார்த்த நாள் முதல், அது நமது மண்ணிலும் நிற்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இருக்கிறது.

தை மாதத்தில் மழை ஓய்ந்ததும் விதைகளைப் பூச்சாடிகளில் ஊன்றினேன். பெரும்பாலானவை முளைத்தன. மாசிக் கடைசியில் அவற்றை வளவின் மேற்கு வேலியோரம் நட்டேன். இப்போது ஆனி மாதம். செடிகள் உயிரோடுதான் இருக்கின்றன. ஆனால் நிலத்தை ஒட்டி வட்டமாகப் பரந்த இலைகளைத் தவிர வேறெதுவும் இல்லை, பூந்தண்டு எழுவதற்கான அறிகுறியும் தென்படவில்லை. கச்சான் காற்றுத் தொடங்கியதிலிருந்து இலை விளிம்புகள் கருகுகின்றன. நண்பகலில் துவண்டு விழும் இலைகள், மாலையில் நீர் விட்ட பின்னரே நிமிர்கின்றன. அடியிலைகள் சில மஞ்சளாகி, அவற்றின் கீழ்ப்பக்கத்தில் நுண்ணிய புள்ளிகளும் காணப்படுகின்றன.

இது இரண்டாண்டுச் செடி என்றும், ஆறு முதல் எட்டு அடி வரை உயரும் என்றும் பொட்டலத்தில் எழுதியிருக்கிறது. அவ்வாறாயின் அடுத்த ஆண்டு பூக்கும் என்று காத்திருப்பதில் பயன் உண்டா, அல்லது குளிர்காலமே இல்லாத நமது ஊரில் அந்தக் கணக்குச் சரிவராதா? இருக்கும் செடிகளைக் கச்சான் முடியும்வரை எப்படிக் காப்பது? புள்ளிகள் துரு நோயின் அடையாளமாக இருக்குமோ என்றும் அஞ்சுகிறேன். எங்கள் மண் கடல்மணல் கலந்தது. கிணற்று நீர் ஆடி, ஆவணி மாதங்களில் சற்று உவர்க்கும். அனுபவமுள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் பெரிதும் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: தம்பலகாமம் தோட்டக்காரன்

வணக்கம் அக்கா. தம்பலகாமத்தில் வயலை ஒட்டிய எங்கள் தோட்டத்தில் கோயிலுக்கும் வீட்டுக்குமாகப் பூக்கள் வளர்க்கிறோம். ஹொலிஹொக்கையும் பல மாரிகளாகப் பயிரிட்டு வருவதால், அறிந்ததை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் முதன்மையான கேள்விக்கு விடை சொல்கிறேன். இரண்டாண்டு வகை விதையை நம்பி அடுத்த ஆண்டுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் ஹொலிஹொக்கே நமது பகுதியில் பூக்காது என்று யாராவது சொன்னால் அது சரியன்று. இந்தச் செடியில், விதைத்த பருவத்திலேயே பூக்குமாறு தெரிந்தெடுத்து வளர்க்கப்பட்ட வகைகள் உள்ளன. மஜோரெட் என்பது இரண்டரை, மூன்று அடியோடு நின்றுவிடும் குட்டை வகை. சமர் கார்னிவல் அதைவிட உயரமாக, நான்கைந்து அடி வரை எழும். இவற்றுக்கு முந்திய குளிர்காலம் ஒன்று தேவையில்லை. உங்கள் தங்கையின் வேலியோரத்தில் நிற்பதைப் போன்ற, அடுக்கிதழ் கொண்ட சாட்டர்ஸ் டபுள் முதலிய உயர்ந்த வகைகளே முதலாண்டு முழுவதும் இலையாகக் கிடந்து, குளிர் கழிந்த பின் தண்டெழுப்புபவை. வட இந்தியச் சமவெளிகளில் ஹொலிஹொக்கை மழைக்காலத்தின் இறுதியில் விதைத்து, பங்குனி, சித்திரை வெயில் ஏறுமுன் பூக்கவைத்து முடித்துவிடுகிறார்கள். நாமும் அந்த ஒழுங்கையே நமது மாரிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

திருகோணமலையில் ஆண்டு முழுவதும் பெய்யும் ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர் மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான காலத்தில் விழுந்துவிடுகிறது. அதன் பின்னர் வரும் மாதங்கள் படிப்படியாக உலர்ந்து, வைகாசியிலிருந்து கச்சானுக்கு இடம்விடுகின்றன. ஹொலிஹொக் ஆழமான ஆணிவேர் விடும் செடி. அந்த வேர் கீழிறங்கி ஈரத்தைப் பிடித்துவிட்டால் மேலே எவ்வளவு வெயில் அடித்தாலும் தாங்கும்; இறங்குவதற்கு முன் வெயில் வந்துவிட்டால் எவ்வளவு நீர் விட்டாலும் தடுமாறும். தையில் விதைத்தவை இப்போது படும் துன்பத்துக்கு இதுவே காரணம். ஆகவே விதைப்பை ஆவணி நடுப்பகுதிக்கு மாற்றுங்கள். அக்காலத்தில் வெயில் கடுமையாக இருக்கும் என்பதால், கிடுகுப் பந்தலின் கீழ், உயரமான பொலித்தீன் பைகளில், கூட்டெருவும் தும்புத்தூளும் மணலும் கலந்து நிரப்பி, பைக்கு இரண்டு விதையாக அரை சென்றிமீற்றர் ஆழத்தில் ஊன்ற வேண்டும். வட்டத் தட்டுப் போன்ற அந்த விதைகள் இரண்டு வாரத்துக்குள் முளைத்துவிடும். நலிந்த நாற்றை வெட்டிவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிடுங்கினால் மற்றதன் வேரும் அசையும்.

நிலத்துக்கு மாற்றும் காலம் புரட்டாதிக் கடைசி, அதாவது நாற்றில் நான்கைந்து உண்மையிலைகள் விரிந்து, வேர் பையின் அடியைத் தொட்டுச் சுருளத் தொடங்குமுன். சுருண்ட ஆணிவேர் பிறகு நேராக இறங்குவதில்லை. பையைக் கத்தியால் கீறி, மண்கட்டி உடையாமல் இறக்கி நடவேண்டும்.

மண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி ஆகிய இடங்களின் கரையோர மணலில் நீரும் நிற்காது, பசளையும் நிற்காது. ஒன்றரை அடி ஆழத்துக்கும் அதே அளவு அகலத்துக்கும் குழியெடுத்து, வெளியே எடுத்த மணலில் பாதியை விலக்கிவிட்டு, நன்கு மக்கிய மாட்டெருவையும் குளத்து வண்டலையும் அதற்கு ஈடாகச் சேருங்கள். வண்டல் இங்கு மிகுந்த பயன் தருவது. அதிலுள்ள களி ஈரத்தையும் ஊட்டத்தையும் பிடித்துவைக்கும். குளங்கள் வற்றும் ஆடி, ஆவணியில் அதைப் பெறுவது எளிது. குழியை நிரப்பும்போது நிலமட்டத்துக்கு மேல் அரை அடியாவது மேடாக அமையவேண்டும். கார்த்திகை மழையில் குருத்தடியில் நீர் தேங்கினால் இரண்டொரு நாளில் செடி அழுகிவிடும்; மாரியில் ஹொலிஹொக்கை இழப்பவர்கள் பெரும்பாலும் இதனாலேயே இழக்கிறார்கள். செடிக்குச் செடி ஒன்றரை அடி முதல் இரண்டு அடி இடைவெளி விடுங்கள். காற்று ஊடாடாத நெருக்கத்தில் நோய் வராமல் இருக்காது.

இடத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மேற்கு வேலி கச்சானுக்கு நேரே இருப்பதால் இப்போது அது தவறான இடமாகத் தோன்றலாம். ஆனால் ஆவணியில் விதைத்துப் பங்குனியோடு முடியும் பயிர் கச்சானைப் பார்க்கப்போவதில்லை. அது சந்திக்கப்போவது வடகிழக்கிலிருந்து கடலுப்பையும் சுமந்துவரும் வாடையை. எனவே வீடோ மதிலோ வடகிழக்குப் பக்கத்தை மறைக்கும் இடம் நல்லது. உங்கள் மேற்கு வேலி அதற்குப் பொருந்தவும் கூடும். கதியாலை நடும் நாளிலேயே ஊன்றிவிடுங்கள், செடி வளர்ந்த பின் ஊன்றினால் வேர் அறும். 2020 டிசம்பர் 2ஆந் திகதி குச்சவெளிப் பக்கமாகக் கரையேறிய புரெவிப் புயலை நாம் அனைவரும் அறிவோம். அந்த அளவு காற்றை எந்தப் பூச்செடியும் தாங்காது என்றாலும், வழமையான மார்கழிக் காற்றுக்கு இரண்டு இடங்களில் தளர்வாகக் கட்டிய சீமைக்கிளுவைத் தடி போதும்.

இப்போது நிற்கும் செடிகளைப் பற்றி. மேற்குப் பக்கம் இரண்டரை அடி உயரத்துக்குக் கிடுகு கட்டுங்கள். நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளிப்பதை விடுத்து, மூன்று நாளுக்கொருமுறை விடியற்காலையில் வேரடி ஆழமாக நனையும்படி ஊற்றுங்கள். உவர்நீர் இலையில் படக்கூடாது. விளிம்புக் கருகலில் காற்றுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு உப்புக்கும் உண்டு என்று நினைக்கிறேன். வைக்கோல் மூடாக்கு இடுங்கள், ஆனால் குருத்தைச் சுற்றி ஒரு சாண் விட்டுவிடுங்கள். பசளை எதுவும் இப்போது வேண்டாம்.

பதில்: ஓய்வுநிலை ஆசிரியர், திருகோணமலை நகர்

தம்பலகாமத்துத் தம்பி பயிர்முறையை நிறைவாகச் சொல்லிவிட்டார். நெடுங்காலம் உயிரியல் கற்பித்தவன் என்ற முறையில், இரண்டாண்டுச் செடி ஏன் நமது ஊரில் இலையாகவே இருந்துவிடுகிறது என்பதை விளக்க விரும்புகிறேன். காரணம் தெரிந்தால், எதை முயன்று பார்க்கலாம், எதில் காலத்தைச் செலவிட வேண்டாம் என்பதும் தெளிவாகும்.

கரட், பீட்ரூட், கோவா ஆகிய மூன்றும் இரண்டாண்டுத் தாவரங்களே. முதலாண்டில் இலைகளின் உழைப்பால் கிடைத்த உணவை வேரிலோ இலைக்கட்டிலோ சேமித்து, குளிர்காலத்தை அப்படியே கடந்து, அடுத்த வசந்தத்தில் அந்தச் சேமிப்பைச் செலவிட்டுத் தண்டெழுப்பிப் பூத்து விதைத்து மடிவது அவற்றின் இயல்பு. நாம் முதலாண்டுச் சேமிப்பையே உண்பதால், அவை நமது வெப்பத்தில் பூக்காமல் இருப்பது நமக்கு இழப்பாகத் தெரிவதில்லை. ஹொலிஹொக்கிலோ நாம் விரும்புவது இரண்டாம் பாதியை.

செடிக்கு ஆண்டுகளை எண்ணும் வழி எதுவும் இல்லை. அது உணர்வது குளிரை. வளர்நுனியிலுள்ள கலங்கள் பல வாரங்கள் தொடர்ந்து, ஏறத்தாழ 10 பாகை செல்சியசுக்கும் குறைவான குளிரில் இருந்தால்தான், பூப்பதைத் தடுத்துநிற்கும் ஏற்பாடு அவற்றில் விலகுகிறது. திருகோணமலையில் ஜனவரி மாத இரவுகளிற்கூட வெப்பநிலை 24 பாகையை ஒட்டியே நிற்கிறது. ஆகவே அத்தகைய செடி இங்கு இரண்டாண்டு வாழ்ந்தாலும், அதன் கணக்கில் இன்னும் முதலாண்டுதான்.

இதை அறிந்தவுடன் பலருக்கும் தோன்றும் எண்ணம், விதையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பிறகு விதைத்தால் என்ன என்பது. மாரிக் கோதுமை போன்ற சில தானியங்களில் ஈரமூட்டிய விதையே குளிரை உணரும். ஆனால் இத்தகைய இரண்டாண்டுத் தாவரங்களில் பெரும்பாலானவை, குறிப்பிட்ட பருமனுக்கு வளர்ந்த பின்னரே குளிருக்கு மறுமொழி தருகின்றன. எனவே உலர்ந்த விதைப் பொட்டலத்தைக் குளிரில் வைப்பது விதையின் ஆயுளை நீட்டுமே தவிர, பூப்பதை விரைவாக்காது.

ஜிபரெலின் என்னும் வளர்ச்சி ஓமோன் சில தாவரங்களில் குளிரின் இடத்தை நிரப்புகிறது என்பதும் உண்மை. கரட் முதலியவற்றைக் குளிரூட்டாமலே ஜிபரெலினால் பூக்கச் செய்யலாம் என்று 1957இல் அன்ரன் லாங் காட்டினார். ஆயினும் வீட்டுத் தோட்டத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அளவு சற்று மிஞ்சினாலும் தண்டு மெலிந்து நீண்டு, தன் பூவைத் தானே சுமக்க இயலாமல் சாயும்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று பகலின் நீளம். ஹொலிஹொக் நீண்ட பகலில் விரைந்து பூக்கும் செடி. இலண்டனில் ஆனி மாதத்துப் பகல் 16 மணித்தியாலத்தைத் தாண்டும். வட அகலக்கோடு எட்டரைப் பாகையில் உள்ள நமக்கோ, ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே உள்ள வித்தியாசமே ஒரு மணித்தியாலம்தான். அதிலும் தம்பி சொன்ன பயிர்க்காலம் நமது குறுகிய பகல்களில் அமைகிறது. நீண்ட பகலை விரும்பும் தாவரங்களை வளர்ப்போர் பிற நாடுகளில் கையாளும் முறையொன்று உண்டு. பகலை நீட்டுவதற்குப் பதிலாக, இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை ஒரு மின்விளக்கை எரியவிட்டு இருளை இடைமுறிப்பார்கள். தொடர்ச்சியான நீண்ட இருள் கிடைக்காததால் செடி அதைக் குறுகிய இரவாகவே கொள்ளும். ஒரு பருவத்தில் பூக்கும் வகையை வீட்டு விறாந்தை விளக்கின் ஒளி படும் இடத்தில் நட்டு, மார்கழி, தை மாதங்களில் அந்த விளக்கை இவ்வாறு பயன்படுத்திப் பார்க்கலாம். சிறிய எல்.ஈ.டி. விளக்கு போதும் என்பதால் மின்செலவும் பெரிதாக இராது. வரிசையில் பாதிச் செடிகளுக்கு ஒளி கொடுத்து, மீதியை இருளில் விட்டால், உங்கள் வளவில் அதனால் விளையும் வேறுபாட்டை நீங்களே கண்டறியலாம்.

உப்புவெளி வளவு

இவ்வளவு பொறுமையாக எழுதிய இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மேற்குப் பக்கம் கிடுகு கட்டுவிக்கிறேன். ஆசிரியர் ஐயா சொன்னபடி பாதி வரிசைக்கு விளக்கு வைத்துப் பார்ப்பதற்கும் பெரிதும் விரும்புகிறேன்.

புள்ளிகளைக் கண்ணாடி வைத்து மீண்டும் பார்த்தேன். அவற்றில் சில மெதுவாக நகர்கின்றன. நரம்புகளின் ஓரத்தில் மெல்லிய நூலாம்படை போன்ற ஒன்றும் இருக்கிறது. இலையின் மேற்பக்கம் ஊசியால் குத்தியது போல வெளிறியிருக்கிறது. இது துரு நோயாகுமா? அத்துடன், தங்கை தந்தவற்றில் பொக்ஸ்குளோவ் விதையும் ஒரு சிறிய பொட்டலம் இருக்கிறது. அதுவும் இரண்டாண்டுச் செடி என்றே எழுதியுள்ளது. அதை இங்கு முயலலாமா?

பதில்: நுவரெலியாவிலிருந்து ஒரு மூதூர்க்காரி

மூதூரில் பிறந்து, தொழில் நிமித்தம் பல ஆண்டுகளாக நுவரெலியாவில் வாழ்கிறேன். 1,868 மீற்றர் உயரத்தில், தை, மாசி இரவுகளில் பத்துப் பாகைக்குக் கீழே இறங்கி, சில விடியல்களில் புல்லின்மேல் உறைபனியும் படியும் இந்த ஊரில் ஹொலிஹொக்கும் பொக்ஸ்குளோவும் தடையின்றிப் பூக்கின்றன. துரு நோயும் அதே அளவுக்குத் தடையின்றி வருகிறது. ஆகவே அந்த நோயை நான் நன்கு அறிவேன்.

நீங்கள் விவரித்தது துரு அன்று. நகர்வதும் நூல் பின்னுவதும் செஞ்சிற்றுண்ணி. வெப்பமும் வறட்சியும் தூசியும் சேர்ந்த கச்சான் காலம் அதற்கு மிகவும் உகந்தது. விடியற்காலையில் இலைகளின் கீழ்ப்பக்கத்தில் நல்ல நீரை விசையோடு பீச்சிக் கழுவுங்கள். உவர்க்காத நீர் கிடைக்கும் நாளில் செய்யுங்கள். மிகவும் வெளிறிய அடியிலைகளைக் கிள்ளி எடுத்து வளவுக்கு வெளியே போட்டுவிடுங்கள். வாரமொருமுறை மாலையில் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிப்பதும் உதவும். கண்ட பூச்சிகொல்லியையும் அடிக்க வேண்டாம், சிற்றுண்ணியைத் தின்னும் பூச்சிகளே முதலில் சாகும், அதன் பின்னர் சிற்றுண்ணி இரட்டிப்பாகப் பெருகும்.

துரு நோய் எவ்வாறிருக்கும் என்பதையும் அறிந்து வைத்திருங்கள். இலையின் கீழ்ப்பக்கத்தில் செம்மஞ்சளாகத் தொடங்கிக் கபில நிறமாக மாறும், கடுகை விடச் சிறிய, தடவினால் கைக்குத் தட்டுப்படும் கொப்புளங்கள். அவற்றுக்கு நேர்மேலே இலையின் முகப்பில் மஞ்சட் புள்ளிகள். அடியிலையில் தொடங்கி மேலேறும். பக்சீனியா மல்வேசியாரம் என்னும் பங்கசு இதற்குக் காரணம். தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் முதலில் அறியப்பட்ட அது, 1873இல் இங்கிலாந்தை எட்டி, அங்கே புகழின் உச்சியில் இருந்த ஹொலிஹொக் வளர்ப்பையே நலிவுறச் செய்தது. பல துருப் பங்கசுகளுக்குத் தம் வாழ்க்கை வட்டத்தை முடிக்க இரண்டு வெவ்வேறு தாவரங்கள் தேவை. இது ஒரே தாவரத்தில் எல்லாவற்றையும் முடித்துக்கொள்வதால், நோயுற்ற ஓரிலை தோட்டத்தில் கிடந்தாலே அடுத்த பருவத்துக்குப் போதுமானது. குளிர்ந்த ஈரமே அதற்கு வேண்டும்; எனவே உங்கள் கோடையில் அதைத் தேட வேண்டாம், மார்கழி மழை நாட்களில் தேடுங்கள். இடைவெளி விட்டு நடுவதும், வேரடியில் மட்டும் நீர் விடுவதும், முதற்கொப்புளம் கண்ட இலையை அன்றே எடுத்து எரிப்பதும், பூத்து முடிந்த செடியை அடியோடு அகற்றுவதுமே நாங்கள் இங்கு செய்பவை. மருந்தைவிட இவையே பயன் தருகின்றன.

இந்தப் பங்கசு விதையோடு ஒட்டிய உமித்துண்டுகளிலும் பயணம் செய்யும் என்பதால் ஒன்றை அன்போடு சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து நடுகைப் பொருள்கள் எவற்றைக் கொண்டுவருவதற்கும் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி பெறவேண்டும். அடுத்த முறை தங்கை புறப்படுவதற்கு முன் அதை விசாரித்துக்கொள்ளுங்கள். இங்குள்ள விதைக்கடைகளிலேயே ஒரு பருவ வகைகள் கிடைத்தால் இன்னும் நல்லது.

பொக்ஸ்குளோவைத் திருகோணமலையில் விதைக்க வேண்டாம். அது குளிர்ந்த, அரைநிழலான, ஈரப்பதமுள்ள இடத்துக்குரியது. நாற்றுப் பருவத்தையே உங்கள் வெப்பத்தில் கடக்காது. அதைவிட முக்கியமான காரணமும் உண்டு. அதன் இலை, பூ, விதை அனைத்தும் நஞ்சு. வில்லியம் வித்தரிங் என்னும் ஆங்கில மருத்துவர் 1785இல் இச்செடியின் மருத்துவப் பயனைப் பற்றி நூல் எழுதிய காலத்திலிருந்து, இதயத்துடிப்பைக் கட்டுப்படுத்தும் மருந்துகளுக்கு இதன் இனமே மூலமாக இருந்துவருகிறது. அந்த மருந்திலேயே நோயைத் தணிக்கும் அளவுக்கும் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது. கீரை பிடுங்கும் வளவில், சிறுவர்கள் விளையாடும் இடத்தில், முதலாண்டு முழுவதும் வெறும் இலைக்கொத்தாகக் கிடக்கும் அப்படியொரு செடி இருப்பது நல்லதன்று. ஹொலிஹொக்கில் அந்த அச்சம் இல்லை.

பதில்: கிண்ணியா மரக்கறித் தோட்டம்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். வெண்டி பயிரிடுபவன் என்ற வகையில் இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன்.

ஹொலிஹொக்கும் வெண்டியும் செம்பரத்தையும் பூவரசும் ஒரே குடும்பம். எனவே ஒன்றைத் தாக்குபவை மற்றதையும் நாடும். வெண்டியில் நரம்பு மஞ்சளாகும் நோயைப் பரப்பும் வெண் ஈ, ஹொலிஹொக்கிலும் தங்கும். அத்தகைய வைரசுகள் ஹொலிஹொக்கையும் பிடிப்பது இந்தியாவில் அறியப்பட்டிருக்கிறது. வெண்டிப் பாத்திக்கு அருகில் இதை நட வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இலை சுருண்டு நரம்பு மஞ்சளாகத் தெரியும் செடியைப் பூ வரட்டும் என்று விட்டுவைக்காமல் பிடுங்கிவிடுங்கள். பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி 2008இல் இலங்கையில் கண்டறியப்பட்டதிலிருந்து நமது செம்பரத்தை வேலிகளில் அது வந்துபோவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். செம்பரத்தை வேலி இருந்தால் அதையும் அவ்வப்போது கவனியுங்கள். மாரியில் ஆபிரிக்க நத்தை ஒரே இரவில் நாற்றுகளை மொட்டையாக்கிவிடும். மின்சூளோடு போய்ப் பொறுக்குவதைவிடச் சிறந்த வழி எதையும் நான் காணவில்லை.

அடுத்தது, ஆளுயரச் செடி ஒன்று வேலியோரம் பூத்து நிற்க வேண்டும் என்பதே உங்கள் விருப்பமாயின், சிவப்புப் புளிச்சையை ஒரு வரிசை நட்டுப் பாருங்கள். அதுவும் இதே குடும்பம். ஆறடி வரை எழும். ஆசிரியர் ஐயா சொன்ன பகல் நீளக் கணக்கு இதற்கு நேரெதிர். பகல் குறுகும்போதுதான் பூக்கும், ஆகவே ஆடி, ஆவணியில் விதைத்தால் நமது மாரிப் பகல்களில் தானாகவே பூப்பிடிக்கும். இளமஞ்சட் பூவும் செந்நிறப் புல்லியும் அழகாக இருக்கும், அந்தப் புல்லியில் பானமும் காய்ச்சலாம். ஹொலிஹொக்குக்கு மாற்றாகச் சொல்லவில்லை. அது தலையெடுக்கும்வரை வேலி வெறுமையாக இருக்க வேண்டாமே என்பதற்காகச் சொல்கிறேன்.

உப்புவெளி வளவு

எல்லோருக்கும் நன்றி. பொக்ஸ்குளோவ் பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்புறப்படுத்திவிடுகிறேன். வீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். புளிச்சை விதையும் தேடுகிறேன். தம்பலகாமத்துத் தம்பிக்கு இன்னொரு கேள்வி: ஒரு பருவ வகை பூத்தால், அதன் விதையையே அடுத்த ஆவணிக்கு எடுத்து வைக்கலாமா? இப்போதிருக்கும் இரண்டாண்டுச் செடிகளை மாரி வந்ததும் என்ன செய்வது?

பதில்: தம்பலகாமம் தோட்டக்காரன்

எடுக்கலாம் அக்கா. ஆனால் பொட்டலத்தில் ஒட்டு வகை என்று குறிப்பிட்டிருந்தால் அதன் விதை தாயைப் போல வராது. மற்றவற்றிலும், வண்டும் தேனீயும் ஒரு பூவின் மகரந்தத்தை மற்றொன்றுக்குக் கொண்டுபோவதால் நிறங்கள் கலக்கும், அடுக்கிதழ்ச் செடியின் விதையிலிருந்து ஒற்றையிதழ்ப் பூவும் வரும். ஒற்றையிதழ்ப் பூவைக் குறைவாக எண்ண வேண்டாம். நமது மழையில் அடுக்குப் பூ நீரைக் குடித்துப் பாரமாகி அழுகும்போது, ஒற்றைப் பூ உதறிவிட்டு நிற்கிறது. நான் இப்போது பெரும்பாலும் ஒற்றையிதழையே வைத்திருக்கிறேன்.

தண்டின் அடியிலுள்ள பூக்கள் முதலில் விரிந்து முதலில் காய்க்கும். விதைக்கு அவற்றையே ஒதுக்குங்கள். உங்களுக்கு முக்கியமானது சீக்கிரம் பூப்பதே என்பதால், வரிசையில் எல்லாவற்றுக்கும் முன்னே பூத்த செடியின் விதையை மட்டும் எடுங்கள், அழகானது வேறொன்றாக இருந்தாலும். காய் கபில நிறமாகி, மூடியிருந்த புல்லி காய்ந்து விலகும்போது, சிவப்புப் பருத்திப் பூச்சிகள் அதை உறிஞ்சுவதற்கு முன் பறித்துவிடுங்கள். நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, உமியை முழுவதுமாகப் புடைத்து நீக்கி, காகித உறையில் இட்டு, இறுக்கமாக மூடும் போத்தலில் வையுங்கள். பங்குனியிலிருந்து ஆவணி வரையான வெக்கையில் வெளியே வைத்த விதையின் முளைதிறன் குறைந்துவிடும் என்பதால், குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டு நல்ல இடம்.

இப்போதுள்ள செடிகள் கச்சானைக் கடந்து புரட்டாதி வரை நின்றால், அவற்றைத் தோண்டி இடம் மாற்ற முயல வேண்டாம்; ஆணிவேர் அறுந்துவிடும். இருக்கும் இடத்திலேயே சுற்றி மண் அணைத்து மேடாக்கி, ஒரு கூடை கூட்டெரு இட்டு விடுங்கள். விளக்கு வைக்கும் எண்ணம் இருப்பதால், அவற்றில் இரண்டொன்றை அந்த ஒளிக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். தை முடியும்வரையும் தண்டு எழாவிட்டால் அந்த இடத்தை விடுவித்து, குழியை மீண்டும் வண்டலிட்டு நிரப்பி வையுங்கள். நீங்கள் வண்டலுக்கு ஆள் தேடுவதானால் ஆடி நடுப்பகுதிக்குள் சொல்லுங்கள், எங்கள் பக்கத்தில் வயற்காரர்கள் அப்போதுதான் உழவு இயந்திரத்தில் ஏற்றுவார்கள். ஒரு பெட்டி மண் உங்கள் வேலி முழுவதற்கும் போதும்.